அம்மா வைத்த சந்தனம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை மதியம். மூச்சுத்திணறலால் ஜொகூர் பாரு மருத்துவமனையில் இருந்த அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு, குளித்து வர உலு திராமில் உள்ள வீட்டுக்கு வந்திருந்தேன். தங்கை போன் செய்தாள்.

“அண்ணே, டாக்டர் எல்லாரையும் வரச் சொல்லிட்டாரு. அம்மா ஒங்களத்தான் கேக்குறாங்க. சீக்கிரம் வாங்க.”

வாசலில் என் புதுக் கார் நின்றது. எனக்கு வாய்த்த மாமியார் தங்கமானவர். அந்தக் குறையைத் தீர்க்க வந்தது இந்தக் கார். சாலைக் கோட்டைத் தொட்டால் ஸ்டியரிங்கைப் பிடுங்கும். கொட்டாவி விட்டால் காபி குடிக்கச் சொல்லும். முந்தைய வெள்ளிக்கிழமைதான் கோயிலில் பூஜை போட்டோம். எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை சாத்தி எல்லாம் முடிந்தபின், அம்மா தட்டிலிருந்த சந்தனத்தை எல்லாம் வழித்து காரின் முன்பக்கச் சின்னத்தின் மேல் அப்பி, நடுவே குங்குமம் வைத்தார்.

“தொடச்சிடாதய்யா. அதுவா உதுரட்டும்” என்றார்.

நானும் துடைக்கவில்லை. கோயில் அடுத்த தெருவில்தான். மெதுவாக வீட்டுக்கு வந்து ஓரமாக நிறுத்தியதுதான். மறுநாளே அம்மாவுக்கு முடியாமல் போய் ஆம்புலன்சில் போனோம். அதன்பின் அன்றுதான் காரை எடுத்தேன்.

பெரிய சாலையில் ஏறியதும் தொடங்கியது. எதிரே ஈ காக்கை இல்லை. கார் ‘பீப் பீப்’ என்று அலறி, தானாகவே சடாரென்று பிரேக் போட்டது. மறுபடி வேகம் எடுத்தேன், மறுபடி பிரேக். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று பின்னால் மோதாமல் தப்பியது. ஓட்டியவர் கண்ணாடியைத் தட்டினார்.

“அலமாக்! சும்மா சும்மா ஏண்ணே பிரேக் அடிக்கிறீங்க? சாகப் பாத்தேன் லா!”

நான் அடிக்கவில்லை என்று சொன்னால் நம்புவாரா? ஓரமாக நிறுத்தி, திரையில் எதையெதையோ அழுத்தினேன். எப்படி அணைப்பது என்று கடைசிவரை தெரியவில்லை. போன் மறுபடி அடித்தது. எடுக்கப் பயந்து, இடது ஓரமாக ஊர்ந்து போனேன். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தன. ஸ்டியரிங்கைக் குத்தினேன், அழுதேன், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். அதற்கென்ன, அது என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வார்டுக்குள் நுழைந்தபோது அம்மாவின் முகத்தைப் போர்த்தியிருந்தார்கள். உயிர் போய்ப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

காரியம் முடிந்த பிறகு, கொளுத்திவிடும் கோபத்தோடு காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நம் ஆள்தான் மெக்கானிக். முன்னால் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சென்சார் மேலயே சந்தனத்த அப்பிட்டீங்களேண்ணே! முன்னால யாரோ நிக்கிறாங்கன்னு நெனச்சிக்கிச்சு.”

எனக்கு உறைப்பதற்குள் ஈரத் துணியால் ஒரே இழுப்பு. காய்ந்த சந்தனத்தில் அம்மாவின் மூன்று விரல் தடம் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நானும் அதுவரை கவனித்ததில்லை.

யாரைத் திட்டுவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அது அப்படி ஓடும்போதெல்லாம்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.