பெண்கள் பாட எளிதான பாட்டு

இந்த ஊரில் பாடுவதற்கு அறையை வாடகைக்கு விடுகிறார்கள், கரோக்கி என்று பெயர். நாலு பேர் உட்கார்ந்தாலே முட்டி இடிக்கிற அறை. சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஒரு டிவி, இரண்டு மைக், பாட்டுத் தேட ஒரு டேப்லட், சுவரில் ஒரு போன். கதவைச் சாத்திவிட்டால் தொண்டை கிழியக் கத்தலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதே ஜனங்கள் ரயிலில் இருமுவதற்குக்கூட யோசிக்கிறார்கள். வீட்டில் மிளகாய் தாளித்து நான் தும்மிவிட்டால், கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்குமோ என்று அன்று முழுக்க எனக்கு அதே நினைப்புத்தான். சத்தத்துக்கென்று தனியாக ஒரு பெட்டி செய்து வைத்துவிட்டு, மற்ற இடமெல்லாம் வாயை மூடிக்கொண்டு திரிகிற ஊரை ஜப்பானுக்கு வந்துதான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் இங்கே ஒரு இந்திய ஓட்டலில் சமையல்காரர். நான் சாப்பாட்டு டப்பா கட்டும் கம்பெனிக்குப் பகுதி நேரமாகப் போகிறேன். தலையில் குல்லா, வாயில் மாஸ்க், கண் மட்டும் வெளியே. பெல்ட்டில் சோற்று டப்பா வரும். நான் முட்டைத் துண்டு வைப்பேன், பக்கத்தில் நிற்கும் நேபாளத்து பிமலா ஊறுகாய் வைப்பாள். ஷிப்ட் முடியும்வரை பேசக்கூடாது. ஆனால் வருஷக் கடைசி வந்தால் எல்லாரையும் அந்தப் பாட்டுப் பெட்டிக்குள் கூட்டிப்போய், ஆளுக்கு ஒன்று பாடியே ஆக வேண்டும் என்பார்கள். வருஷம் முழுக்க மூடி வைத்த வாயை அன்றைக்கு மட்டும் அவர்கள் சொல்லும்போது திறக்க வேண்டும்.

போன மார்கழியில் எங்கள் லைனைப் பார்த்துக்கொள்ளும் மொரிதா-சான் (இங்கே மரியாதைக்கு எல்லார் பெயரோடும் ஒரு ‘சான்’ சேர்ப்பார்கள்), எனக்கும் பிமலாவுக்கும் என்று ஒரு பாட்டைப் போனில் எடுத்துக்கொண்டு வந்தார். ‘பெண்கள் பாட எளிதான பாட்டு’ என்று நெட்டில் தேடி எடுத்தாராம். கேட்டேன். குழந்தை மூக்கால் கொஞ்சுகிற மாதிரி ஒரு குரல். நடுவில் இரண்டு கையையும் காதுப் பக்கம் வைத்துப் பூனை போல ஆட்ட வேண்டும். எனக்கு நாற்பது நெருங்குகிறது. ஓய்வறை ரேடியோவில் அடிக்கடி வருகிற வேறொரு பாட்டு எனக்குப் பிடிக்கும். துறைமுகத்தைப் பற்றியது, மெதுவாகக் கீழே ஆரம்பித்துக் கீழேயே நடக்கும். அதைப் பாடட்டுமா என்றேன். “அது ஆண்கள் பாட்டு, கஷ்டம். கலா-சானுக்கு இதுதான் ஈஸி” என்றார். என் குரல் தடித்த குரல் என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். நான் அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, “இல்லை இல்லை, நல்ல குரல், கவாயீ!” என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கவாயீ என்றால் சின்னதாய், செல்லமாய் இருப்பது. இங்கே பென்சில் டப்பாவும் கவாயீ, நாய்க்குட்டியும் கவாயீ, ஊரில் உப்புக் கூடை சுமந்து கழுத்து தடித்துப்போன நானும் கவாயீ.

எளிது என்றால் யாருக்கு எளிது? அந்தப் பாட்டு என் தொண்டை ஏறாத உயரத்தில் இருந்தது. கேட்கிறவர்களுக்குத்தான் அது எளிது. வளர்ந்த பெண் குழந்தை மாதிரி ஆகி நின்றால் பார்க்கிறவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இது அப்போதே புரிந்தது. ஆனால் பாடாவிட்டால் ஒத்துப்போகாதவள் என்று வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. குளியலறையில் வாயில் துண்டை வைத்துக்கொண்டு பழகினேன். வெளியிலிருந்து வீட்டுக்காரர், “இன்னா கலா, உள்ள பூன ஏதாவது மாட்டிக்கிச்சா?” என்றார்.

நான் மரக்காணத்துக்காரி. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு உப்பளத்துக்குப் போனவள். அங்கே என் அண்ணன் மேஸ்திரி. பாத்தி பாத்தியாகக் கண் கூசப் பரந்து கிடக்கும் வெள்ளையில், தூரத்தில் உப்பு வாருகிற ஆட்களைக் கூப்பிட அவன் என்னைத்தான் தேடுவான். “ஏய் கலா, லாரி வந்துட்ச்சு, கடைசிப் பாத்திக்குக் கேக்கற மாரி ஒரு சத்தம் குடு!” கொடுப்பேன். கடல்காற்று எதிரே அடித்தாலும் என் சத்தம் போய்ச் சேரும். பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வரிசையாக வருவார்கள். ஒரு ஆடித் திருவிழாவில் கச்சேரிக்காரர்கள், ஊர்க்காரர் யாராவது பாடுகிறீர்களா என்று மைக்கை நீட்டினார்கள். ஏறினேன். இரண்டு வரி முடியவில்லை, அண்ணன் வந்து மணிக்கட்டைப் பிடித்து இறக்கிவிட்டான். “பொம்பளப் புள்ளயா நீ? தகர டப்பா மாரி கத்தறியே, எவன்டி கட்டுவான் உன்ன?” மறுநாள் காலையில் அதே அண்ணன், “கலா, லாரிக்காரன் நிக்கறான், ஒரு சத்தம் குடு” என்றான். கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

கம்பெனி விருந்தில் பாடினேன். பூனைக் கையும் ஆட்டினேன். மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். மிஷின் மார்க் வேறு போட்டது. மார்க் என்றாலே எனக்குப் பள்ளிக்கூடத்து வயிற்றுவலி வந்துவிடும். இது ஆபீசுக்குப் போகுமா என்று பிமலாவைக் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே எடுத்த வீடியோவைப் பேஸ்புக்கில் போட்டாள், என் பெயரையும் கோத்து. அது ஆபீசுக்குப் போகவில்லை. மரக்காணத்துக்குப் போனது.

“இன்னாடி இது? எதிர்ல பீர் கிளாஸு, நீ பூன மாரி ஆடிக்கினு இருக்க?” என்றான் அண்ணன் போனில்.

“பீர் என்னுது இல்லண்ணா. கம்பெனி பார்ட்டி. எல்லாரும் பாடணும்னாங்க.”

“பாடுன்னா பாடிடுவியா? மாட்டேன்னு சொல்ல வாய் இல்ல?”

என் வாயை மூடினவன் கேட்கிறான், வாய் இல்லையா என்று. அவன் மகள் யாழினிக்குத் தை மாதம் மஞ்சள் நீராட்டு வைத்திருந்தார்கள். நான் ஒரே அத்தை. அவளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் நான். அதற்காகவே டிக்கெட் போட்டிருந்தோம். “டிக்கெட் போட்டுட்ட, வா. தண்ணி ஊத்திட்டு ஓரமா உக்காரு. வாய மட்டும் தொறக்காத” என்று வைத்துவிட்டான்.

போனேன். ஊற்றினேன். சாயங்காலம் மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்தேன். பார்த்தால், அண்ணனே பாண்டிச்சேரியிலிருந்து ஆள் பிடித்திருந்தான்: லேப்டாப்பில் இசையை மட்டும் ஓடவிட்டுப் பாடுகிற ஒரு பெண். அங்கேயும் அதற்குப் பெயர் கரோக்கிதான். கூலிக்கு வந்தவள் பாடினால் விசேஷம், கூடப் பிறந்தவள் பாடினால் மானக்கேடு. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது மேடையில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த யாழினி கூப்பிட்டாள். “அத்த, அந்தப் பூனப் பாட்டு பாடேன்! உன் வீடியோ பாத்து எங்க கிளாஸ்ல எல்லாரும் ஆடறோம்.”

அண்ணன் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் ஏறினேன். “பூன வேணாம்மா, வேற ஒண்ணு” என்றேன். இசை இல்லாமலேயே அந்தத் துறைமுகப் பாட்டை எடுத்தேன், என் அடித்தொண்டையில். பந்திப் பக்கமிருந்து அண்ணன் வருவது தெரிந்தது. மேடைப் படிவரை வந்துவிட்டான். என் சத்தம் தானாகக் குறைந்தது. அப்போது பின் வரிசையில், என்னோடு உப்பு சுமந்த கன்னியம்மா எழுந்து நின்றாள். “ஏய் கலா! இன்னாடி முணுமுணுக்கிற? கடைசிப் பாத்திக்குக் கேக்கல!” உப்பளத்துப் பெண்கள் எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். அத்தனை சிரிப்புக்கு நடுவில் என் கையைப் பிடிக்க அவனால் முடியவில்லை. படியிலேயே நின்றான். நான் சத்தத்தை ஏற்றினேன். அவன் திரும்பிப் போய்விட்டான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இறங்கியதும் ஒரு அம்மா, “சாமிப் பாட்டாடி?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு வார்த்தையாவது புரிந்திருந்தால் ஆம்பிளைப் பாட்டு என்று அங்கேயும் சொல்லியிருப்பார்கள்.

இந்த மார்கழியும் மொரிதா-சான் ஒரு பாட்டோடு வந்தார். இந்தத் தடவை முயல் பாட்டு. முடியாது என்றேன். துறைமுகப் பாட்டுத்தான் என்றேன். அவர் முகம் சுருங்கியது. வேலை போகுமோ என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை; பாட்டை மட்டும் மாற்றவில்லை. இங்கே வரும் பெண்களுக்குச் சொல்கிறேன்: அந்த டேப்லட்டில் கீ என்று ஒரு பட்டன் இருக்கிறது. உங்கள் தொண்டைக்குத் தக்கபடி பாட்டின் சுருதியை இறக்கிக்கொள்ளலாம். யாரும் சொல்லித்தர மாட்டார்கள், கேட்டால் சிரிப்பார்கள். இறக்குங்கள்.

நேற்று மத்தியானம் பழகுவதற்காக நான் மட்டும் ஒரு அறை எடுத்தேன். பாட்டு முடிந்தும் மைக் கையில் இருந்தது. என்ன தோன்றியதோ, லாரி வந்துட்ச்சு என்று உப்பளத்துச் சத்தத்தை முழுசாகக் கொடுத்தேன். மெத்தைச் சுவர் அதை விழுங்கிக்கொண்டது. கூடையோடு யாரும் வரவில்லை. சுவரில் போன் அடித்தது. நேரம் முடியப்போகிறது, நீட்டிக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்கள். நீட்டிக்கிறேன் என்றேன், என் தடித்த குரலில், அவர்கள் மொழியில்.