மொட்டை மாடியில் லெட்டூஸ்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் மகளுக்கு பர்கர் வாங்கிக் கொடுத்தேன். நடுவிலிருந்த இலையை மட்டும் உருவி என் தட்டில் போட்டாள். வாயில் போட்டுப் பார்த்தேன். கசக்கவே இல்லை. முத்துமாரி ஞாபகம் வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் வடக்குப்பட்டில் ஒரு வாடகை அறையில் நானும் அவளும் இருந்தோம். தென்காசிப் பக்கத்துப் பெண். ஒரே கம்பெனி, ஒரே லைன், இரண்டு பேருமே கான்ட்ராக்ட். கேன்டீனில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டு இன்ஜினியர்கள் சோற்றைப் பச்சை இலையில் மடித்துச் சாப்பிடுவார்கள். "அது என்ன ருசியா இருக்கும், ஏட்டி?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு லெட்டூஸ் விதைப் பாக்கெட்டோடு வந்து நின்றாள்.

ஷிஃப்ட் முடிந்தால் நிற்கவே தெம்பிருக்காது. அவள் மட்டும் மாடியேறி, பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி விதைத்தாள். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, லெட்டூஸ் வெயில் தாங்காது. என் பழைய துப்பட்டாதான் அதற்குப் பந்தல். உதவுகிறேன் என்று போய், முளைத்த நாற்றில் பாதியைக் களையென்று நான் பிடுங்கிப் போட்டேன். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா இது, கோசா? வூட்டுக்குள்ள தண்ணி எறங்காம பாத்துக்கோ" என்றார்.

இலை விரல் நீளம் வந்தபோது எங்கள் இருவரையும் எச்.ஆர். கூப்பிட்டார். எனக்கு நீட்டிப்பு. அவளுக்கு இல்லை. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். பெட்டி கட்டும்போது, "ஏட்டி, தண்ணி மட்டும் ஊத்திரு. காஞ்சா கசந்துரும்" என்றாள்.

ஊற்றினேன், நாலு நாள். பிறகு ஓவர்டைம் தொடங்கிவிட்டது. அறைக்கு வந்தால் படுக்கைதான்.

போனில் கேட்பாள்: "கீரை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குடி. நேத்துகூட பறிச்சு சாப்பிட்டேன்."

"கசக்கலல்லா?"

"இல்ல."

ஒரு மாதம் கழித்து மாடியேறிப் பார்த்தேன். இடையில் பெய்த மழையில் தானாகவே வளர்ந்து, முழங்கால் உயரத்துக்குத் தண்டுவிட்டு, மஞ்சளாகப் பூத்திருந்தது. ஓர் இலையைக் கடித்தேன். துப்பிவிட்டேன். அன்றைக்கும் போனில் நல்லா இருக்கு என்றுதான் சொன்னேன்.

ஏதோ சர்டிஃபிகேட் வாங்க அவள் ஒருமுறை வந்தாள். பையை வைத்ததும் நேரே மாடிக்குப் போனாள். வாளிகளில் காய்ந்த தண்டுகள்தான் இருந்தன. நான் படிக்கட்டிலேயே நின்றேன். இறங்கி வந்தவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீ என்ன செய்வ. ஒழுங்கா சாப்பிடுதியா?" என்றாள்.

திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. இப்போது அந்த நம்பரில் வேறு யாரோ எடுக்கிறார்கள். வீட்டுக்காரம்மா மாடியில் ஷீட் போட்டு நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டுவிட்டாராம். நான் போகும் கம்பெனி பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகிறது. நான் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பேன்.