இருவரைத் தாங்கும் ஆல்சீட்

விரல்களைப் புல்லில் ஊன்றிக் குனிந்ததுமே ஆல்சீட் பேச்சைத் தொடங்கிவிடுவான். எதிரே ஒரு முழம் தள்ளி, பந்தைப் பிடித்தபடி குனிந்திருக்கும் எதிரணிக்காரனிடம் குசலம் விசாரிப்பான்.

"தம்பி, காலைல என்ன சாப்பிட்ட? ரெண்டு முட்டையா? அது எந்த மூலைக்குக் காணும்?"

திட்டினால் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன சொல்வது? அந்தப் பையன் விழிப்பான். ஆல்சீடின் கண் அவன் முகத்தில் இருக்காது. பந்தைப் பிடித்த விரல்களில் இருக்கும். கணுக்கள் வெளுத்தால் மறுநொடி பந்து அந்தப் பையனின் காலிடுக்கு வழியே பின்னால் போகும் என்று ஆல்சீடுக்குத் தெரியும்.

தெற்கு லூசியானாவின் அந்தக் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியில் அவன்தான் நோஸ் டேக்கிள், தடுப்பு வரிசையின் நட்டநடுவில் நிற்பவன். நூற்று அறுபது கிலோ. கதவுகளில் பக்கவாட்டில்தான் நுழைவான். சிவப்பு பீன்ஸும் சோறும் மலையாகக் குவித்துச் சாப்பிடுகிறவனுக்கு ஆட்டத்தன்று மட்டும் ஒரு வாய் இறங்காது. "வயிறு நெறஞ்சா தூக்கம் வந்துடும் மச்சான்" என்பான். பயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டான்.

அவனுக்கு நேர் பின்னால் நிற்பவன் டெரல் மூட்டன். ஆல்சீடை ஒற்றை ஆளால் அசைக்க முடியாது என்பதால் எதிரணி ஒவ்வொரு முறையும் இரண்டு பேரை அவன்மேல் ஏவும். அவர்களை அவன் அங்கேயே நிறுத்தி வைப்பான். டெரலுக்கு வழி காலியாகக் கிடைக்கும். ஓடிப்போய்ப் பந்துக்காரனைச் சாய்ப்பான். ஒலிபெருக்கி "மூட்டன்!" என்று முழங்கும். ஒருமுறை கணுக்கால் பிசகி ஆல்சீட் வெளியே உட்கார்ந்தபோது அந்த இரண்டு பேரும் டெரல்மேல் வந்து விழுந்தார்கள். அன்று அணி வாங்கிய அடியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

"ஏன்டா, எல்லாப் பேரும் எனக்கே வருதே, உனக்கு வயித்தெரிச்சலே இல்லியா?" என்று டெரல் கேட்டிருக்கிறான்.

"எனக்கிருக்கிற வயித்துக்கு, அது எரிஞ்சா ஊரே வெந்துடும்."

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சனிக்கிழமைகளிலும் வேலை பார்க்கும் அவன் அம்மா வெர்லின், மகன் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. கடைசி ஆண்டின் கடைசி ஆட்டத்துக்கு விடுப்பு எடுத்து வந்துவிட்டாள். "மைக்ல உன் பேரச் சொல்லுவாங்கல்ல? புடிச்சு உங்க சித்திக்கு அனுப்பணும்" என்று கைப்பேசியும் கையுமாக முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஆல்சீட் தலையாட்டித் தொலைத்துவிட்டான்.

"மச்சான், இன்னிக்கு ஒரே ஒரு தடவ பந்துக்காரன நான் புடிச்சுக்கிறேனே. அம்மா வந்திருக்கு."

"தாராளமாப் புடிடா" என்றான் டெரல். ஆல்சீட் எதையும் கேட்டு அவன் பார்த்ததேயில்லை.

ஆட்டம் முடியும் நேரம் வரை அந்த வாய்ப்பு வரவில்லை. நான்கு புள்ளி முன்னிலை. எதிரணிக்கு இதுவே கடைசி முயற்சி, எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜம்தான் பாக்கி; பந்தோடு அதைத் தாண்டினால் அவர்களுக்கு ஆறு புள்ளி. பந்து பின்னால் போனது. வழக்கம்போல எதிரணியில் இரண்டு பேர் ஆல்சீட்மேல் மோதினார்கள். பந்துக்காரன் அவன் தோளை உரசிக்கொண்டு வந்தான். கை நீட்டினால் சிக்கிவிடுவான். ஆனால் நீட்டினால் மோதிய இருவரில் ஒருவன் நழுவி டெரலை அடைத்துவிடுவான்; பிடியும் தவறினால் ஆட்டம் கைவிட்டுப் போகும்.

ஆல்சீடின் கை எழுந்ததை டெரல் பார்த்தான். எழுந்த கை திரும்பி, நழுவப் பார்த்தவனின் நெஞ்சிலேயே போய் ஊன்றியது. டெரல் பாய்ந்து பந்துக்காரனைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே சாய்த்தான்.

"மூட்டன்! டெரல் மூட்டன்!"

அரங்கமே எழுந்து ஆடியது. வெர்லின் மட்டும் கைப்பேசியை உயர்த்தியபடி, அது யார் பெயரென்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முழங்காலிட்டு மூச்சு வாங்கிய ஆல்சீட், "போச்சுடா" என்று சிரித்தான். அம்மா இருந்த பக்கம் பார்க்கவில்லை.

டெரல் தன்னைத் தூக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, ஆல்சீடை முதல் வரிசைக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனான். அவன் கையை உயர்த்திக் காட்டப் பார்த்தான், கனத்தது. இரண்டு கைகளாலும் பிடித்து, தலைக்கு மேலே தூக்கினான்.