வரனுக்கு அனுப்பிய படம்

என் தங்கைக்கு வரன் பார்க்க ஆரம்பித்த வருஷம்தான் நான் கேமரா வாங்கினேன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கள் அம்மா இருக்கிற வீட்டில் சம்பந்தம் இல்லாத இரண்டு விஷயங்கள் ரொம்ப நாள் தனித்தனியாக இருக்க முடியாது. எனக்குக் கல்யாணமாகிக் காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அயனம்பாக்கத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். ஏரிக்கரையில் கொக்கு, நீர்க்காகம் என்று எதையாவது எடுத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குக் காட்டுவேன். ஒரு நாள் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு, கொக்கை எடுக்கிறவள் கூடப் பிறந்தவளை எடுத்தால் ஆகாதா என்று கேட்டாள்.

அம்மா எதற்காகக் கேட்கிறாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தங்கைக்கு வெண்புள்ளி. காலேஜில் படிக்கும்போது உதட்டோரம் மிளகு அளவுக்கு வந்தது. பல் தேய்த்த பேஸ்ட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று அம்மா அவளைத் திட்டினாள். அப்புறம் இடது கண்ணிமையில் வந்தது. அப்புறம் இரண்டு கை விரல்களிலும். எங்கள் வீட்டில் எல்லாருமே நல்ல கறுப்பு, அதனால் எட்ட நின்று பார்த்தாலே தெரியும். இது யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னார். தடவ மருந்து கொடுத்து, இளவெயிலில் உட்காரச் சொன்னார். தெருவில் இருக்கிறவர்கள் டாக்டருக்குப் படிக்கவில்லையே. அவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். வேலையில் கெட்டி. சின்ன வயசில் வாய்விட்டுச் சிரிப்பாள். உதட்டில் புள்ளி வந்த பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கையிலும் வந்த பிறகு சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

எனக்கு முன்னால் அவளைப் படம் எடுத்தது கரையான்சாவடியில் ஒரு ஸ்டுடியோக்காரர். நல்ல மனுஷன், நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். முகத்தில் அங்கங்கே இருந்த வெள்ளையை மறைப்பதற்காக முகம் முழுவதையும் வெள்ளையாக்கிக் கொடுத்துவிட்டார். கழுத்து மட்டும் எங்கள் குடும்பத்துக் கழுத்தாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. படம் என்றால் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும் என்று எனக்கு அப்போது ஒரு வெறி. புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களுக்கு வருகிற வியாதி அது. நானே எடுக்கிறேன், எதையும் மறைக்காமல் எடுக்கிறேன் என்று அம்மாவிடம் சவால் விட்டேன்.

காலை வெயில் கூடத்து ஜன்னல் வழியாக வரும். அது முகத்தில் நேராக அடிக்காமல் இருக்க ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினேன். நிழல் விழுகிற பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தேன். ஜூம் லென்ஸைக் கழற்றிவிட்டு ஐம்பது எம்எம் லென்ஸைப் போட்டேன், முகம் தெளிவாகவும் பின்னால் இருக்கிற பீரோவும் காலண்டரும் மங்கலாகவும் விழும். வெளிச்ச அளவு வைப்பதில்தான் சிரமம். கறுத்த முகத்தைப் பார்த்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும். கூட்டினால் புள்ளி இருக்கிற இடம் வெறும் காகிதம் மாதிரி வெளுத்துவிடும். நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். குறைத்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அது வெள்ளையே இல்லை. உள்ளங்கை நிறம், லேசாகச் சிவப்பு ஓடுகிற நிறம். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை.

புள்ளி இருக்கிற இமைக்குக் கீழே, அந்தக் கண்ணில்தான் ஃபோகஸ் வைத்தேன். அவள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பேஸ்ட்டைக் கழுவவில்லை என்று அம்மா திட்டிய கதையைச் சொன்னேன். மறந்துபோய்ச் சிரித்துவிட்டாள், கைகள் மடியிலேயே இருந்தன. அழுத்தினேன். இன்றைக்கு வரைக்கும் நான் எடுத்ததில் நல்ல படம் அதுதான்.

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாடி இது, எல்லாம் அப்பட்டமா தெர்யுதே. இத்தப் பாத்துட்டு எவன்டி வருவான்?" நானும் விடவில்லை. மறைத்து வைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பிறகு பிரச்சினை வந்தால் யார் பதில் சொல்வது, இதைப் பார்த்துவிட்டு வருகிறவன்தான் சரியானவன் என்று பெரிய லெக்சரே அடித்தேன். தங்கையைக் கேட்டேன். நல்லா இருக்கு அக்கா என்றாள். படம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள், அனுப்பலாம் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. தரகருக்கும், வாட்ஸ்அப் குழுக்களுக்கும், வரன் தேடுகிற ஆப்புக்கும் அந்தப் படம் போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஜாதகத்தையே கேட்காதவர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்னதாகத் தரகர் சொன்னார். அப்புறம் அவரும் போன் எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். அந்த ஆப்பில் ஒரு வசதி இருக்கிறது, யார் யார் நம் படத்தைப் பார்த்தார்கள் என்று காட்டும். பார்த்தவர்கள் நிறையப் பேர். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுதியவர் ஒருவரும் இல்லை. தங்கை வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது தினமும் அதைத் திறந்து பார்த்துக்கொண்டே வருவாளாம், அம்மா பிறகு சொன்னாள். நான் அந்தச் சமயத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், அவளைக் கேட்டுக்கொண்டு எங்கள் ஆபீஸ் போட்டோ குழுவில் அதே படத்தைப் போட்டிருந்தேன். வெளிச்சம் பிரமாதம், உணர்ச்சி பிரமாதம் என்று பாராட்டு வந்து குவிந்தது. அதை அவளிடமே வாய் நிறையச் சொன்னேன். சரிக்கா என்றாள்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் அம்மா போன் செய்தாள். பூந்தமல்லியிலிருந்து ஒரு இடம், படம் ரொம்பப் பிடித்துவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் அப்பவே சொன்னேன் இல்லையா என்று அம்மாவிடம் போனிலேயே கொண்டாடிவிட்டேன்.

மாப்பிள்ளைப் பையன், அவன் அப்பா, அம்மா மூன்று பேரும் வந்தார்கள். நான் பையனின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தங்கை காபித் தட்டோடு வந்தாள். டம்ளரை எடுக்கப் போன அந்த அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. தங்கையின் விரல்களைப் பார்த்தார், நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். என் படம்தான். அதே ஜன்னல் வெளிச்சம், அதே சிரிப்பு, பின்னால் மங்கலாக அதே பீரோ. உதட்டோரத்தில் ஒன்றும் இல்லை. இமையில் ஒன்றும் இல்லை. மடியில் கிடந்த விரல்கள் பத்தும் ஒரே நிறம்.

"போட்டோல இது ஒண்ணியும் தெர்லியேம்மா" என்றார் அந்த அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. எங்கள் அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "போட்டோல நான்தாங்க அழிச்சுட்டேன். நேர்ல இருக்கறது இதுதான்."

கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். காபியைக் குடித்து முடித்தார்கள். மழை பற்றியும் பூந்தமல்லி ரோட்டில் நடக்கிற மெட்ரோ வேலை பற்றியும் பையனின் அப்பா கொஞ்ச நேரம் பேசினார். பையன் தலையை நிமிர்த்தவே இல்லை. எழுந்தபோது, போய்ட்டு வரோம் என்று சொல்லவில்லை, கிளம்பறோம் என்றார்கள். அம்மா அதைக் கவனித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தங்கை தன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன், எனக்கு அம்மாமேல்தான் சந்தேகம். எல்லாம் உன் வேலை என்று எகிறினேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தாள். ஆப்பில் படம் மாறியிருந்ததைப் பார்த்து, நான் மனசு மாறி வேறு படம் கொடுத்துவிட்டேன் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். என்னுடைய பழைய லேப்டாப் அம்மா வீட்டில்தான் இருக்கும், ஏரிப் படங்களை அங்கேயே உட்கார்ந்து திருத்திவிட்டு வருவது என் வழக்கம். போய், தங்கை படம் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். என் ஃபைலுக்குப் பக்கத்தில் நிறையப் பிரதிகள் இருந்தன. முதல் சிலதில் வாயைச் சுற்றிச் சேறு பூசின மாதிரி அப்பியிருந்தது. பிறகு வந்ததில் கை பழகியிருந்தது. கடைசிப் பிரதியில், பக்கத்துத் தோலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, துளை, ரேகை எதுவும் கெடாமல் பூசியிருந்தாள். உதட்டின் ஓரக் கோடு கூட அப்படியே நின்றது. மேலே கண்ணாடித்தாள் மாதிரி இருந்த லேயரை மறைத்தால் புள்ளியோடு இருந்தாள், திரும்பக் கொண்டுவந்தால் புள்ளி இல்லாமல் இருந்தாள். எங்கே அழித்தாள் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். கதவருகே நின்றிருந்த தங்கை, ஏரித் தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக் பாட்டிலை எல்லாம் படத்திலிருந்து நான் அழிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் என்றாள். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. உள்ளதை உள்ளபடி காட்டுகிறவள், கொக்குக்காகப் பாட்டிலை அழித்திருக்கிறேன்.

"ஏன்டி இப்படிப் பண்ண? அந்தப் படத்துல நீ எவ்ளோ அழகா இருந்த."

"அதனாலதான்க்கா" என்றாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஸ்டுடியோல எடுத்ததுக்கு யாரும் வரலன்னப்ப எனக்கு ஒண்ணும் ஆகல. அது நானே இல்லன்னு விட்டுட்டேன். நீ எடுத்தது நான்தான். நான் அவ்ளோ நல்லா இருந்தும் வேணாம்னு போயிட்டாங்க. அதைத் தினம் பாத்துக்கிட்டே வீட்டுக்கு வர முடியலக்கா."

இன்றைக்கு மட்டும் வலிக்கவில்லையா என்று கேட்டேன். வலித்தது, ஆனால் கம்மி என்றாள். அப்படியானால் இந்தப் படம் அனுப்புகிற வேலையே வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் கல்யாணம் செய்துகொள்ள ஆசை இருக்கிறது என்று, வெட்கப்படாமல், சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

பிறகு ஒரு உதவி கேட்டாள். புள்ளி இப்போது தாடையில் இறங்க ஆரம்பித்திருக்கிறது, புதுப் படம் ஒன்று எடுக்க வேண்டும். எடுத்து, அதைச் சரிசெய்வதையும் நானே செய்துகொடுக்க வேண்டும்.

"நீதான் என்னைவிட நல்லா பண்றியே."

"அழிக்கணும்னா பெருசு பண்ணிப் பாக்கணும்லக்கா. கண்ணாடில கூட நான் அவ்ளோ கிட்டப் போய்ப் பாத்ததில்ல. ஸ்க்ரீன் முழுக்க அது மட்டும்தான் இருக்கும். ஆபீஸ் விட்டு வந்து தினம் அத்தோடயே உக்காந்திருந்தேன். இனிமே என்னால ஆவாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து எடுத்தேன். இந்தத் தடவை நான் கதை எதுவும் சொல்லவில்லை. படத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் புன்னகைத்தாள். எடுத்து முடித்ததும் துணி மடிக்கப் போகிறேன் என்று அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நான் லேப்டாப்பைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினேன். உதட்டோரம், இமை, தாடை என்று திரை முழுக்க அதுவே வந்து நின்றது. அவள் தனியாக உட்கார்ந்து பார்த்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். அழுதேன். அழுதுகொண்டே வேலையைச் செய்தேன், பிரஷ்ஷைச் சின்னதாக வைத்துக்கொண்டு, பக்கத்துத் தோலை எடுத்து எடுத்து மூடிக்கொண்டே வந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

முடித்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டேன். மடித்த துணி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து நின்றாள். இமையில் மட்டும் புள்ளியை லேசாக விட்டுவைக்கட்டுமா, பரவாயில்லையா என்று கேட்டேன். அவள் குனிந்து, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வேணாம், இப்படியே விடு. பொண்ணு நல்லா இருக்கா. இவளையே அனுப்பிடுக்கா" என்றாள்.