மரமஞ்சளுக்கு முளைத்த வால்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், சைகோனில் மழைக்காலம். அங்கே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கொஞ்ச நாள் வேலை. பக்கத்து மேஜையில் காரைக்கால் பெண்ணொருத்தி முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவள் கணவருக்கு டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சீக்கிரமே 'வாடி, போடி' ஆகிவிட்டோம்.

அவள் எடுத்துக்கொண்டது மரமஞ்சள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்குமே, அதே கொடிதான். அதிலுள்ள பெர்பெரின் என்ற கசப்பான ஆல்கலாய்டை அங்கே வயிற்றுப்போக்குக்கு மாத்திரையாகவே விற்கிறார்கள். ஒரு நாள் தண்டிலிருந்து இறக்கிய சாற்றில் பெர்பெரினோடு இன்னொரு பொருளும் சேர்ந்து வந்தது. பெர்பெரினுக்குச் சின்னதாக வால் முளைத்தது போல ஓர் அமைப்பு. நாங்கள் தேடிய வரை, இந்தக் கொடியில் யாரும் அதைக் கண்டதாகத் தெரியவில்லை.

இதைப் பற்றிய கட்டுரை அச்சானால் பட்டம் உறுதி. கணவருக்கு வேறு மாற்றல் வந்துவிட்டது. அதற்குள் முடித்தாக வேண்டும். த்ருவோங் டின் தெருக் கோவில் மாரியம்மனுக்கு மாலை சாத்திவிட்டு வந்து, ஆய்வுக்கூடம் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள்.

எனக்கோ எதையும் நோண்டாமல் இருக்க முடியாது. அந்த வால் எங்கிருந்து வந்தது? கட்டுரை அனுப்புவதற்கு முதல் நாள் அவள் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். குப்பென்று அசிட்டோன் வாடை. மழைக்காலத்தில் கண்ணாடிக் குடுவைகள் லேசில் காயாது என்று அதே அசிட்டோனை விட்டுத்தான் அலசுவோம். அவசரத்தில் அது முழுக்கப் போகும் முன்பே சாற்றை ஊற்றிவிடுவோம். அமைப்பை வரைந்திருந்த தாளை எடுத்து அந்த வாலைப் பார்த்தேன். அச்சு அசல் அசிட்டோன்!

சொல்லவும் பயம், மறைக்கவும் மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன்.

"என்னடி, பொறாமையா?" அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ, இல்லடி. அசிட்டோனே படாம ஒரு தடவ செஞ்சு பாத்துருவோம். செடியே சொல்லட்டும்."

விறுட்டென்று எழுந்து போய்விட்டாள். ஆனால் மறுநாள் சீனர்கள் வாழும் சோலோன் பகுதி மூலிகைக் கடையிலிருந்து புதுத் தண்டு வாங்கி வந்தது அவள்தான். குடுவைகளைச் சூட்டடுப்பில் காயவைத்தோம். மற்றதெல்லாம் பழையபடியே செய்தோம். கடைசியில் சாற்றைப் பொட்டு வைத்துப் பிரித்த கண்ணாடித் தகட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். பெர்பெரின் மட்டும் மஞ்சளாக ஒளிர்ந்தது. புதுப் பொருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"ட்ரோய் ஓய்!" என்றாள். நம்முடைய 'அடக் கடவுளே'தான் அது. அப்படியே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏன்டி, செடி செய்யலன்னா என்ன, நாமதான செஞ்சிருக்கோம்? இது கிருமிய கொல்லுதான்னு பாத்தா என்ன?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அனுப்பாமல் வைத்திருந்த கட்டுரையை அன்றே நிறுத்தினாள். கணவரை முன்னால் அனுப்பிவிட்டுத் தனியாகத் தங்கி, அதே பொருளை வேண்டுமென்றே உண்டாக்கிச் சோதித்தாள். கிருமிகள் அசையக்கூட இல்லை. அதையும் ஒளிக்காமல் அப்படியே எழுதினாள். பட்டம் தாமதமாகத்தான் வந்தது.

இன்றும் ஏதாவது புதிதாகக் கண்ணில் பட்டால் துள்ளிக் குதிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் அதற்கு முன், இது செடி கொடுத்ததா, இல்லை நம் கைபட்டு வந்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன், அழுத கண்ணோடு அடுத்த கேள்வியைக் கேட்ட அவளை நினைத்துக்கொண்டு.