ஒரே செடியின் கழனி

மேடம் ஒரு கதிரைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்துபோனது. இன்னொரு கதிரைக் கசக்கி ஊதினார். அதுவும் பறந்தது. கழனிக்காரரும் அவர் மனைவியும் நானும் வரப்பில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுற்றிலும் புல் இடுப்பளவு வளர்ந்து, விரல்களை விரித்த மாதிரி கதிர் தள்ளி, பச்சைப் பசேலென்று நின்றது. வழியில் போகிறவர்கள் யாரும் அந்தக் கழனியைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நாங்கள் அதை வளர்த்தது விதைக்காக, அந்த விதைதான் இல்லை.

எனக்குப் புல்லின் மேல் தனிப்பட்ட பாசம் எதுவும் கிடையாது. ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை விளைகிற வீட்டில் பிறந்தவள் நான், புல்லென்றால் பிடுங்கி எறிய வேண்டியது என்றுதான் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளிகொண்டாவைத் தாண்டி இருந்த ஒரு சின்ன ஆராய்ச்சிப் பண்ணையில் கள உதவியாளர் வேலை கிடைத்தது, போனேன். அங்கே எனக்கு மேலதிகாரி மேடம். வேலூர்க்காரர், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். காலேஜிலும் அதற்குப் பிறகும் நெல்லிலேயே வேலை செய்தவர். நிதானமாகப் பேசுவார், யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். காலை பஸ்ஸில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார். தூங்கவில்லை, அசதி என்று ஒருமுறை சொன்னார். அப்போது எனக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை, இப்போது நன்றாகவே புரிகிறது.

ஆம்பூர் வரைக்கும் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரிகளின் தண்ணீர் இறங்கிய ஊர்களில் கிணறுகள் உப்பாகிவிட்டிருந்தன. நெல் போனது, தென்னை போனது. இந்தக் கழனிக்காரருக்கு மிச்சமிருந்தவை இரண்டு கறவை மாடுகள். வைக்கோலை விலைக்கு வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. அவர் மனைவியை ஷூ கம்பெனி வேனில் ஏறச்சொல்லி அக்கம்பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த அம்மாளுக்கு விருப்பமில்லை. மாடு இருக்கிறவரைக்கும் வீட்டில் இருக்கலாம் என்பது அவர் கணக்கு. உப்பு மண்ணிலும் வருகிற தீவனப் புல் விதையைத் தருகிறோம், இந்தக் கழனியில் மட்டுமில்லை, சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் தருகிறோம் என்று மேடம் சொன்னபோது கழனிக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அதுவரிக்கும் மாட்ட வெச்சிக்கலாமாம்மா?" மேடம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

முதல் வருஷம் அந்தக் கழனியில் ரோட்ஸ் புல் என்ற சீமைப் புல்லை விதைத்தோம். பாதிக்கு மேல் கருகியது. தப்பியவற்றில் பல நோஞ்சானாக மஞ்சளடித்துக் கிடந்தன. நடுவில் ஒரே ஒரு தூர் மட்டும், உப்பு என்றால் என்ன என்று கேட்கிற மாதிரி கொழுகொழுவென்று வளர்ந்தது. விதையும் வைத்தது. மேடம் தினமும் அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வருவார். குழந்தை பெற்ற வீட்டுக்குப் போய்வருவது போல இருக்கிறது என்று நான் கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டார்.

அந்தப் புல் தரையோடு கொடி ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். அப்படி வேர்விட்ட துண்டுகளை வெட்டி வெட்டி அடுத்த பருவத்தில் கழனி முழுக்க அந்த ஒரு தூரையே நட்டோம். நட்டு முடித்ததும் மேடம் நோஞ்சான்களை எல்லாம் பிடுங்கச் சொன்னார். வரப்பில், வாய்க்கால் கரையில், பக்கத்துக் கரம்பில் ஒன்றைக்கூட விடவில்லை. மட்டமானதன் மகரந்தம் நல்லதில் விழுந்து விதை கலந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. நெல்லில் பழகிய கை வேறு எப்படி நினைக்கும்? நெல் பூவுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும், வெளியாள் தேவையில்லை. வேறு ரகம் கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், நல்ல விதை தானாகக் கிடைக்கும். குனிந்து குனிந்து மேடமே பிடுங்கினார். சாயங்காலம் அவரால் முதுகை நிமிர்த்த முடியவில்லை.

அத்தனை வேலைக்கும் பிறகுதான் அந்த வெறுங்கை. "எல்லாம் சாவிம்மா, உள்ள மணியே இல்ல. உப்பு வேலையக் காட்டிடுச்சி" என்றார் கழனிக்காரர். மேடமும் அப்படித்தான் இருக்கும் என்று முதலில் நம்பினார். ஆனாலும் மனம் கேட்காமல் மறுநாள் வரிசை வரிசையாகக் கதிர்களைப் பறித்துப் பார்த்துக்கொண்டே போனார். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து மூலையில் அவர் கை நின்றது. அங்கே கதிரில் மணி இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் ஒரு நோஞ்சான் தூர் பூத்து நின்றது. கழனிக்காரரின் மனைவி பயந்துபோனார். பால் கறக்கும்போது மாட்டுக்குக் காட்ட ஒரு பிடி வேண்டியிருந்தது, அதனால் அந்த ஒன்றை மட்டும் பிடுங்காமல் விட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மேடம் கோபப்படவில்லை. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எங்களுக்கு விளக்கினார். இந்தப் புல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறொரு செடியிலிருந்து வர வேண்டும். நாம் வெட்டி வெட்டி நட்டது ஆயிரம் செடி இல்லை, கழனி முழுக்க நிற்பது ஒரே ஒரு செடி. அதற்குத் துணையாக இருந்தவற்றை எல்லாம் நாமே பிடுங்கிப் போட்டுவிட்டோம். போன வருஷம் விதை வைத்ததுகூட அந்த நோஞ்சான்களின் தயவில்தான்.

கழனிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எல்லாம் பங்காளிங்கன்னு சொல்லுங்க. பங்காளிக்குள்ள எப்டிம்மா சம்பந்தம் பண்றது?" என்றார். மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோது கண் கலங்கியிருந்தது.

அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதற்கு முன்பே எங்கள் பண்ணை நிர்வாகி மேடத்திடம் நல்லதனமாகச் சொன்னார், பூக்கும்போது வெயில் ஜாஸ்தி என்று எழுதிக் கொடுங்கள், திட்டத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டித்துவிடலாம் என்று. பொய் என்றும் சொல்ல முடியாது, எங்கள் ஊரில் வெயில் என்றைக்குக் கம்மியாக இருந்தது? மேடம் கேட்கவில்லை. வெயில் காரணமில்லை, நான் செய்த தவறு என்று கூட்டத்தில் சொன்னார். உப்பைத் தாங்குகிற தூர்கள் ஐந்தாறைத் தேடிப்பிடித்துக் கலந்து நட வேண்டும், விதை வரும், ஆனால் பயிர் ஒரே மாதிரி இருக்காது, உயரமும் குட்டையுமாகத்தான் வரும் என்றார். வந்தவர்களுக்கு வேண்டியிருந்தது, பெயர் வைத்து மேடையில் காட்ட ஒரே சீரான ஒரு ரகம். உயரமும் குட்டையுமாக எதைக் காட்டுவது? மழைக்கு முன்பே வேலையை நிறுத்திவிட்டார்கள். வெயில் என்று எழுதியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. இந்த வயதிலும் அந்த ஆத்திரம் முழுசாகப் போகவில்லை. ஆனால் எழுதியிருந்தால் அவர் மேல் இத்தனை மரியாதை இருந்திருக்காது என்பதும் உண்மைதான்.

கடைசியாகப் போனபோது மேடம் கொட்டகைப் பக்கத்துக் கதிர்களை உதிர்த்து ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கழனிக்காரரின் மனைவியிடம் கொடுத்தார். கலப்பு விதைதான், வாய்க்கால் ஓரத்தில் தூவிப் பாருங்கள் என்றார். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். நின்றிருந்த புல்லை அறுத்துப் போட்டு மாடுகளைக் கொஞ்ச நாள் ஓட்டினார்கள். கிணறும் வற்றியபோது புல் காய்ந்தது. மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போனார் கழனிக்காரர். அந்த அம்மாள் ஷூ கம்பெனி வேனில் ஏறினார். ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மேடம் சென்னைக்குத் தங்கை வீட்டோடு போய்விட்டார். எனக்கு வேலூரில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் வேலை. நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். கழனி மனைக்கட்டுகளாகியிருந்தது. ஆனால் வாய்க்கால் கரை நெடுக அந்தப் புல், ஆள் உயரத்துக்கு ஓரிடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஓரிடத்தில், கருகருவென்றும் வெளிறியும் கலந்து, ஆற்றுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மேடத்துக்குப் போன் செய்தேன். சந்தோஷத்தில் மூச்சு விடாமல் சொன்னேன். யாரும் விதைக்காமலே வருஷா வருஷம் பரவுகிறதாம் என்றேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"யாரு அறுத்துக்கிறாங்க?" என்றார்.

"யாரும் இல்ல மேடம். அந்தப் பக்கம் இப்ப மாடு யார்கிட்டயும் இல்ல."

சரிம்மா என்றார். பிறகு, என் பெண் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார்.