கிணற்றில் என் பங்கு

பிரெஞ்சில் பொறியியல் படிப்பிக்கும் கல்லூரி ஒன்றில் மூன்றாம் மாடி என் பொறுப்பு. கூட்டுவேன், துடைப்பேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனாலும் ஒருநாள் அங்கே நான் பரீட்சை வைத்தேன்.

வெளிநாடுகளில் வேலை பழகப் போகும் மாணவர்களுக்குப் படிப்பிக்கிற பேராசிரியை ஒருவர் வந்து கேட்டார். ஊர்ப் பெண்ணாக நடிக்க வேண்டும். தமிழ் மட்டும் கதைக்க வேண்டும். மாணவர்கள் என் கிணற்றுக்கு மோட்டர் பூட்டுகிற திட்டத்தோடு வருவார்கள். அரை மணித்தியாலத்துக்குள் என் கையெழுத்தை வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அந்தக் கோடைக்கு அவர்களுக்குப் பயணம் இல்லை.

"லேசில் விட்டுவிடாதீர்கள்," என்றார் பிரெஞ்சில்.

அது எனக்குப் பிடித்தது. நடிக்க வராது. ஆகவே ஊரில் எங்கள் வளவுக் கிணற்றையே நினைத்துக்கொண்டு இருந்தேன்.

நாலு பேர் வந்தார்கள். மூன்று பெடியள், ஒரு பெட்டை. பெட்டை இங்கே ரொக்ஸ்பரோப் பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. என்னைக் கண்டதும் அவள் முகத்தில் வென்றுவிட்ட களை. பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். மட்டன் ரோல்ஸ்.

"அம்மா செய்தவ, அன்ரி."

"லஞ்சமோ?"

"சீச்சீ. மரியாதை."

மரியாதையில் இரண்டு தின்றேன். நல்ல உறைப்பு.

படத்தை விரித்தாள். நடுவில் வட்டம், அது கிணறு. பக்கத்தில் சீமெந்துக் கட்டு, அதன்மேல் மோட்டர். பெடியள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அவள் தமிழாக்கினாள்.

"கட்டு இதில வரும். சரியோ, அன்ரி?"

"ஓம்."

"வயர் இப்பிடிப் போகும்."

"போகட்டும்."

பத்து நிமிடத்தில் பேனையை நீட்டினாள். பெடியள் எழும்பவே தொடங்கிவிட்டார்கள்.

"என்ர பங்குக்கு வைக்கிறன்," என்றேன். "மற்ற மூண்டு பங்குக்கும் ஆரைக் கேட்டனீங்கள்?"

"என்ன பங்கு?"

"பங்குக் கிணறு, பிள்ளை. நாலில ஒண்டுதான் என்ரை. ஒண்டு பாரிசில தம்பிக்கு. ஒண்டு லண்டனில சித்தப்பான்ர மகனுக்கு. ஒண்டு ஊரில மச்சாளுக்கு."

அவள் பிரெஞ்சில் சொல்ல, பெடியள் திரும்பக் கதிரையில் இருந்தார்கள். கண்ணாடி போட்டவன் அடிமட்டத்தை எடுத்துக் கோடு போட்டு வட்டத்தை நாலாகப் பிரித்தான். மோட்டரை என் துண்டுக்குள் தள்ளிக் கீறினான். அவனுக்கு அதோடு கணக்கு முடிந்தது.

"தண்ணிக்குக் கோடு தெரியாது எண்டு சொல்லு," என்றேன்.

அவள் எனக்குக் கிட்டக் குனிந்தாள். "அன்ரி, இது சும்மா நடிப்புத்தானே. வையுங்கோவன்."

"நடிப்பெண்டாலும் மச்சாள் மச்சாள்தான்."

இன்னும் எட்டு நிமிடம்தான் இருந்தது. தாய்க்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, பங்குக் கிணறு எண்டா என்ன?"

தாயின் குரல் எனக்கும் கேட்டது.

"ஏன்? எங்கட ஊர்க் கிணத்தைப் பற்றிப் பெரியப்பா போன் எடுத்தவரே? ஒண்டிலும் சைன் வைச்சுப்போடாதை."

போனை வைத்தபோது பிள்ளையின் முகத்தில் அந்தக் களை இல்லை. யோசித்தாள். முதல்தரமாக என்னிடம் கேள்வி ஒன்று கேட்டாள்.

"இப்ப அதில தண்ணி அள்ளுறது ஆர்?"

"மச்சாள்."

"அப்ப முதல்ல அவவையெல்லோ கேக்கவேணும்."

"அவ ஓமெண்டா மற்ற ரெண்டு பேரும் மறிக்கமாட்டினம். கேளாமல் பூட்டினியளோ, மோட்டரைக் கிணத்துக்குள்ளதான் தேடவேணும்."

படத்தைக் கவிழ்த்து, பின்பக்கம் எழுதினாள். முதலில் மச்சாளைக் கிணற்றடியில் சந்திப்பது. பிறகு பாரிசுக்கும் லண்டனுக்கும் சொல்வது. அதன்பிறகுதான் படம் கீறுவது. எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

"இதுக்கு வைப்பீங்களோ?"

கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு முழுப்பெயரும் எழுதினேன்.

பேராசிரியை வந்து தாளை இரண்டு பக்கமும் பார்த்தார். "மோட்டர் எங்கே?" என்று கேட்டார்.

"இன்னும் எல்லோரையும் கேட்கவில்லை," என்றாள் பிள்ளை.

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நாலு பேருக்கும் பயணம் உண்டு என்று எழுதிவிட்டுப் போனார்.

கண்ணாடிக்காரனுக்கு மனம் ஆறவில்லை. அரை மணித்தியாலம் போயும் ஒன்றையும் பூட்டவில்லையே என்று பிரெஞ்சில் முணுமுணுத்தான். அந்தளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும்.

"கிணத்துக்காக ஒருதரும் சண்டைபிடிக்கேல்லை எண்டு சொல்லு," என்றேன்.

பிள்ளை அவனுக்குச் சொன்னாள்.